கிற்றாருக்குத் தைத்த உறை

பேஸ் கிற்றார் வீட்டுக்கு வந்த அன்றே அம்மாவின் கட்டில் அதற்குப் போய்விட்டது. அம்மா பாயில் படுத்தார். காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அந்தக் கட்டிலில் யாரும் இருக்கக் கூடாது. பக்கத்தில் குடை சாத்தக் கூடாது. அந்த அறைக்குள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, தெறிக்கும். எல்லாம் தவராசா அண்ணாவின் சட்டங்கள்.

அண்ணாவுக்குக் கிற்றாரை டோஹாவில் இருந்து அனுப்பியவர் அப்பா. கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு அவர் கசெற்றில் பேசி அனுப்புவார். நாங்கள் மூன்று பேரும் ரேடியோவைச் சுற்றி இருந்து கேட்டோம்.

"தவம், சாமான் புதுசு. கீறல் விழாமப் பாக்கவேணும். பெல்ற் கட்டிக்கொண்டு வாசியாத, பூட்டு உரஞ்சும். வாசிச்சு முடிஞ்சா பருத்தித் துணியால துடை. வெயில்ல வையாத. எங்கட கடல் காத்து கம்பியத் திண்டுபோடும், துடைச்சு மூடி வை."

இப்படி ஒரு பக்கம் முழுக்க ஓடியது. மற்றப் பக்கத்தில் அம்மாவின் பிரஷர், கூரைத் தகரம், மாமாவின் காணி. கடைசியில் என் பெயர் வந்தது. "சுகிர்தா, அம்மாவுக்கு உதவியா இரு." அதோடு நாடா நின்றது. எனக்கு ஒரு பிளவுஸ் துணியும் வந்திருந்தது. அது அம்மாவுக்குப் பிடித்த நிறம்.

என் கோபம் இதற்கெல்லாம் முந்தியது. அதைச் சொல்வதென்றால் சாவடியில் இருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் சரிவில் இருக்கிறது. இறங்கிப் போனால் கடலோர வீதி. வீதியில் ஏறும் இடத்தில் மண்மூட்டை அடுக்கிய ஆமிச் சாவடி. பட்டணத்துக்குப் போவதென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பெண்களைச் சோதிக்கச் சாக்கால் மறைத்த ஒரு மூலையும், அதற்குள் ஒரு பெண் பொலிசும் உண்டு. தொண்ணூற்றாறில் ஒரு நாள் அவள் வரவில்லை. ஒரு ஆமிக்காரன் என் புத்தகப் பையை வாங்கி வீதியில் தலைகீழாகக் கொட்டினான். புத்தகங்கள், கொம்பாஸ் பெட்டி, சாப்பாட்டுப் பார்சல். அவற்றோடு அம்மா பேப்பரில் சுற்றித் தந்த பஞ்சுப் பக்கற்றும் விழுந்தது. அது எனக்கு மாதத் தீட்டு வந்திருந்த நாள். பேப்பர் பிரிந்துவிட்டது. அவன் பக்கற்றைச் சப்பாத்து நுனியால் தள்ளிப் பார்த்து, மற்றவனுக்கு ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். வரிசையில் என் வகுப்புப் பொடியன்கள் நின்றார்கள். நான் குந்தி இருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

எனக்கு நேர் பின்னால் சைக்கிளோடு நின்றவர் அண்ணா. நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலில் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு நேவிப் படகு நின்றது. அது எந்த நாளும் நிற்கும்.

அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. "ரெண்டு நாளைக்கு நில்லு பிள்ளை" என்றார் அம்மா. இரண்டு நாள் இரண்டு வருடமானது. ஓ.எல். சோதனைக்கு, அதுதான் பள்ளிக்கூடத்துப் பெரிய பரீட்சைக்கு, மூன்று மாதம் இருந்த நேரம் அது. பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு ரீச்சர் விசாரித்து ஆள் விட்டார். காய்ச்சல் என்று அம்மா சொல்லி அனுப்பினார். அண்ணா எதுவுமே கேட்கவில்லை. அவருக்குத்தான் காரணம் தெரியுமே.

இந்த வருடம் நான் அந்தச் சோதனைக்குத் தனியாக விண்ணப்பம் போட்டேன். டிசம்பரில் எட்டு நாள் சோதனை. எட்டு நாளும் அந்தச் சாவடியைத் தாண்ட வேண்டும். படிப்பில் எனக்குப் பயம் இல்லை. சாவடியில்தான் பயம். இரண்டு வருடமாக நான் அதற்குக் கிட்டவும் போகவில்லை. அம்மா கடைகளுக்கு இடியப்பம் அவிப்பவர், ஒன்பது மணிவரை அடுப்படியை விட்டு அசைய ஏலாது. சிங்களமும் தெரியாது. அண்ணாவுக்குத் தெரியும். துறைமுக ஸ்ரோரில் வேலை செய்கிறவர். ஆகவே அண்ணா வந்தால் சோதனை, வராவிட்டால் இல்லை.

கிற்றார் வந்தது ஓகஸ்ற் மாதம். அண்ணா கொழும்பு பஸ்ஸில் இருந்து அட்டைப் பெட்டியை இறக்கித் தோளில் சுமந்து வந்தார். எங்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் சாவடி தெரியும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆமிக்காரன் பெட்டியைக் கத்தியால் கிழித்தான். கிற்றாரைக் கழுத்தில் பிடித்து இழுத்து, தார்ப் பீப்பாவின் மேல் குப்புறப் போட்டான். பிறகு அரிசி மூட்டைகளில் குத்துகிற நீட்டுக் கம்பியைக் கையில் எடுத்தான்.

"மாத்தையா! ஹெமின்! ஹெமின்!"

ஐயா, மெதுவாக, மெதுவாக என்று அண்ணா சிங்களத்தில் கத்தினார். மலை மேல் வரை கேட்டது. கத்தியதோடு நிற்கவில்லை. கம்பிக்கும் கிற்றாருக்கும் நடுவில் தன் கையை வைத்தார்.

அவன் அடிக்கவில்லை. சிரித்தான். கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கிற்றாரின் தடித்த நரம்பை ஒரு தரம் இழுத்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தான்.

நான் மதிலை இறுக்கிப் பிடித்திருந்தேன், உள்ளங்கை கிழிந்திருந்தது. அதே இடம். அவனிடமும் அதே மாதிரித் துவக்கு. அப்படியென்றால் அண்ணாவுக்குக் குரல் இருந்திருக்கிறது.

பீப்பாவில் உரஞ்சி, கருநீல வார்னிஷில் ஒரு அரிசியளவு கீறல். பின் பக்கத்தில்தான். அன்று அண்ணா சாப்பிடவில்லை. அம்மா சோற்றுக் கோப்பையோடு அறை வாசலில் நின்றார். "தம்பி, ஒரு வாய் திண்டிட்டு யோசியன்." அண்ணா என்னிடம் வந்து என் நகப்பூச்சைக் கேட்டார். என்னிடம் இருந்தது ஒரு போத்தல், ரோசா நிறம். அதை வைத்துக் கீறலை மூடப் பார்த்தார். இன்னும் கேவலமாகத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து, நான் தையல் மெசினில் இருக்கும்போது பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"சுகி, இதுக்கு நல்ல உறை ஒண்டு தைச்சுத் தாவன். ஒவ்வொருக்காவும் வெளிய இழுத்தா இவங்கள் கீறிப் பாழாக்கிப் போடுவாங்கள்."

"தைச்சா, சோதனைக்கு என்னக் கூட்டிக்கொண்டு போவீங்களோ?"

"எத்தினை நாள்?"

"எட்டு."

"எட்டு நாளுமோ!" தலையைச் சொறிந்தார். "சரி, வேலைக்குப் பிந்திப் போறன். நீ வடிவாத் தை."

"பிறகு மாறமாட்டீங்கள்தானே?"

"நான் உன்ர அண்ணன்தானே. என்ன கதை இது?"

எங்கள் ஊரில் அப்போது பாதிப் பேர் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் பையில்தான் சாமான் கொண்டு போனார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் கொட்ட மாட்டார்கள். எனக்கு அந்த யோசனை வந்தது. முதுகுப் பக்கத்துக்கு ஒரு பழைய கதிரையின் றெக்சின். உள்ளுக்குப் போர்வைத் துணி இரண்டு மடிப்பு. முன் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்தில் பிளாஸ்டிக் ஜன்னல். எங்கள் சாப்பாட்டு மேசையை மூடியிருந்த தடித்த பிளாஸ்டிக்கில் இருந்து அதை வெட்டலாம் என்று அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தேன். அதில் கைபட்டால் தெரிகிற மாதிரி ரோசாப் பூக்கள் புடைத்திருக்கும்.

"ஒரு சாண் காணாது" என்றார் அண்ணா. "முன் பக்கம் முழுக்க விடு. முழுசாத் தெரியவேணும்."

"முழுக்க விட்டா பிளாஸ்டிக் கிற்றாரில படும் அண்ணா. துணி இருந்தாத்தான் உரஞ்சாது."

"பிளாஸ்டிக் என்னெண்டு உரஞ்சும்? வழுக்கும். சும்மா கதையாமத் தை."

சாவடிக்காரன் பார்க்க ஒரு சாண் போதும். மீதி யார் பார்க்க என்று எனக்குத் தெரியும். வீதியில் போகிற எல்லோரும் பார்க்க. ஆனாலும் தைத்தேன். பிளாஸ்டிக்கில் மூன்று ஊசி முறிந்தது. இரண்டு கிழமை ஆனது. புவியியல் புத்தகத்தை மெசினுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டே தைத்தேன்.

உறை பலித்தது. சாவடியில் அண்ணா அதைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் தூக்கிக் காட்டுவார். அவர்கள் முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்துவிட்டு விடுவார்கள். ஒரு தரமும் வெளியே இழுக்கவில்லை. செப்டெம்பரில் அண்ணாவின் இசைக்குழுவுக்குத் தம்பலகாமத்தில் ஒரு பகல் நிகழ்ச்சி. இரவுக் கச்சேரிகள் எல்லாம் நின்றுபோன காலம் அது. வானின் கூரையில் கட்டிக் கொண்டுபோய், வெயிலில் அங்கேயே விட்டிருக்கிறார்கள். அதை எங்களுக்குச் சொன்னவர் ஸுஹைர், குழுவில் கீபோர்ட் வாசிப்பவர். அண்ணாவோடு வீட்டுக்கு வந்திருந்தார்.

"என்ன மச்சான், மணவறையில பொம்புளையக்கூட இப்படிப் போத்த மாட்டாங்க" என்று உறையைத் தட்டிச் சிரித்தார். பிறகு விரலால் அமர்த்திப் பார்த்தார். "இது மேசைக்குப் போடுற சீற்றெல்லோ? இத நேரா வார்னிஷில படவிடாத. சூட்டுக்கு ஒட்டிப் போகும். எங்கட வாப்பாட ரேடியோப் பெட்டிக்கு நடந்தது."

"உனக்கு எரிச்சல் மச்சான்" என்றார் அண்ணா.

"எரிச்சல்தான். ஆனா சொல்றதக் கேளு. உள்ளுக்கு ஒரு துணியப் போடு. என்ன தங்கச்சி, தைக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கள், சொல்லக் கூடாதோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துவிட்டு, "சொன்னனான்" என்றேன். அவர்கள் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. குசினிக்குள் போய்விட்டேன்.

அண்ணா துணி போடவில்லை. நவம்பரில் மாரி தொடங்கியது. நிகழ்ச்சிகள் இல்லை. ஈர உப்புக் காற்றுப் படக் கூடாது என்று கிற்றாரை உறைக்குள் வைத்துப் பூட்டி, அலுமாரிக்கு மேல், தகரக் கூரைக்குக் கிட்ட ஏற்றி வைத்தார். மழை விட்ட நேரமெல்லாம் அந்தத் தகரம் அடுப்பு மாதிரிக் கொதிக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் அவர் அதைத் திறக்கவே இல்லை. தொடாமல் வைப்பதுதான் காப்பாற்றுவது என்று நினைத்தார்.

எனக்கு அனுமதி அட்டை வந்தது. செவ்வாய்க்கிழமை முதல் பாடம், சைவசமயம். அட்டையை அண்ணாவிடம் காட்டினேன். "ஓம், ஓம், ஏழு மணிக்கு வெளிக்கிடு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் உறையைத் திறந்தார். நான் முற்றத்தில் கொடியில் துணி போட்டுக்கொண்டு நின்றேன். பழைய பிளாஸ்ரரை உரிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு அண்ணா என் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

பிளாஸ்டிக் வார்னிஷில் ஒட்டி, உரிந்து வந்திருந்தது. பளபளத்த கருநீலம் முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி இருந்தது. அதற்குள் எங்கள் மேசை விரிப்பின் ரோசாப் பூக்கள், இதழ் இதழாக, இலைகூடத் தவறாமல் பதிந்திருந்தன. தொட்டால் பிசின் மாதிரிக் கையில் ஒட்டியது.

"வேணுமெண்டு செய்தனீ! உனக்குப் பொறாமை. அப்பா எனக்கு அனுப்பினாரெண்டு பொறாமை!"

"நான் துணி வைக்கச் சொன்னனான்."

"வாயக் காட்டாத! தைச்சது ஆர்? நானோ?"

அம்மா கை நிறைய மாவோடு ஓடி வந்தார். கிற்றாரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை இது? அப்பா அவ்வளவு தூரத்தில கிடந்து உழைச்சு அனுப்பின சாமான்."

அந்த ஒரு வசனத்தோடு எனக்குள் என்னவோ அறுந்தது. நான் வீட்டில் சத்தமாகப் பேசியதே இல்லை. அன்று என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

"அண்டைக்கு என்ர புத்தகத்த ரோட்டில கொட்டேக்க நீங்கள் எங்க பாத்தனீங்கள்?"

அண்ணாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"கடலப் பாத்தனீங்கள். நான் அந்தப் பக்கற்றப் பொறுக்கேக்க நீங்கள் கடலப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"பழைய கதைய ஏன் இப்ப... துவக்கு வச்சிருக்கிறவனோட என்னத்தக் கதைக்கிறது?"

"கிற்றாருக்குக் கதைச்சனீங்கள்தானே? ஹெமின் ஹெமின் எண்டு மலை முழுக்கக் கேக்கக் கத்தினீங்கள். கையையும் வச்சனீங்கள். அவனிட்ட இருந்தது என்ன, விளக்குமாறோ?"

"சுகிர்தா!" என்றார் அம்மா.

"நீங்களும் காய்ச்சல் எண்டு சொன்னனீங்கள் அம்மா. எனக்கு எந்த நாள் காய்ச்சல் வந்தது?"

அம்மா கையில் இருந்த மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணாவின் முகம் கறுத்துவிட்டது. கிற்றாரைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிசின் சேர்ட்டில் ஒட்டியது.

"நான் வரமாட்டன். செவ்வாய்க்கிழமை நீ தனியப் போ. இவ்வளவு வாய் இருக்கிறவளுக்கு ஆள் எதுக்கு?"

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகு அம்மா மெல்லச் சொன்னார். "அடுத்த வருசம் எழுதலாம் பிள்ளை. அதுக்குள்ள அவன் ஆறிடுவான்."

அடுத்த வருடம். அம்மா சொன்ன இரண்டு நாளை நான் இரண்டு வருடமாகப் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை அண்ணா வேலைக்குப் போன பிறகு, மூலையில் எறிந்து கிடந்த உறையை எடுத்தேன். கத்தரிக்கோலால் தையலைப் பிரிக்கவில்லை. நேராக வெட்டினேன். பிளாஸ்டிக்கில் கருநீல வார்னிஷ் அங்கங்கே ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. போகாவிட்டால் கிடக்கட்டும் என்று இரண்டாக மடித்து ஒரு பையாகத் தைத்தேன். கைப்பிடிக்கு, அவர் தோளில் மாட்ட நான் அந்த உறையில் தைத்திருந்த பட்டி. கால் மிதியை எவ்வளவு வேகமாக மிதித்தேன் என்றால் அம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை காலை மழை தூறியது. பையில் பேனை இரண்டு, பென்சில், அடிமட்டம், அனுமதி அட்டை, அடையாள அட்டை. அலுமாரித் தட்டில் இருந்து ஒரு பஞ்சுப் பக்கற்றை எடுத்தேன். எனக்கு அன்று தேவை இல்லை. ஆனாலும் எடுத்து, பேப்பர் சுற்றாமல், எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன்.

அம்மா விபூதியோடு வந்தவர் பையைக் கண்டு நின்றுவிட்டார். "ஐயோ, அத உள்ளுக்கு வையன் பிள்ளை."

"இது உள்ளுக்குத்தான் இருக்கு."

சரிவில் இறங்கும்போது எனக்குப் பயம்தான். பொய் சொல்லத் தேவையில்லை. வளைவு வரை வந்ததும் ஒரு தந்திக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் சைக்கிள் பிரேக் சத்தம் கேட்டது. அண்ணா. சேர்ட்டை மாறிப் பூட்டியிருந்தார். தலை சீவவில்லை.

"சுகி, நில்லு. நான் வாறன்."

நான் கம்பத்தில் இருந்து கையை எடுத்தேன்.

"வேண்டாம். நீங்கள் இதிலயே நிண்டு கடலப் பாருங்கோ."

அவர் அதற்கு என்ன சொன்னார் என்று தெரியாது. நான் நடந்துவிட்டேன்.

பெண் பொலிஸ் அன்றும் இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் பாற்காரர் ஒருவர், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். என் முறை வந்தது. ஆமிக்காரன் சின்ன வயதுக்காரன், நான் கண்டவன் இல்லை. கையை நீட்டினான். பையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். அவன் பேனையைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், பிறகு பக்கற்றைப் பார்த்தான். நான் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். எண்ணினால் பத்து வரை எண்ணியிருக்கலாம். அவன் காது சிவந்தது. பிறகு அவனும் திரும்பிக் கடலைப் பார்த்தான்.

"யன்ன" என்றான். போ என்று கையைக் காட்டினான்.

மண்டப வாசலில் பைகளை வெளியே வைக்கச் சொன்னார்கள். மற்றப் பைகளோடு என் பையையும் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனேன். முதல் கேள்வி என்ன என்று வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது, கண்ணில் தண்ணி நிறைந்திருந்தது. அழுகை என்று யாராவது நினைத்திருப்பார்கள். கோபத்துக்கும் எனக்கு அப்படித்தான் வரும்.

எட்டு நாளும் போனேன். எட்டு நாளும் பக்கற் முன்னால்தான் இருந்தது.

அண்ணா இப்போது கிற்றாரைப் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டு போகிறார். சாவடியில் ஒவ்வொரு தரமும் அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பூக்களைத் தேய்த்து எடுக்கலாம் என்று ஸுஹைர் சொன்னாராம், தேய்த்தும் இலைகள் மிஞ்சி நிற்கின்றன. போன கிழமை கதிரையை இழுத்துப் போட்டு எனக்குப் பக்கத்தில் இருந்து, துணி வைத்து ஒரு உறை தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்.

மெசின் சும்மாதான் கிடந்தது. நான் தைத்துக் கொடுக்கவில்லை.